சின்னமன் பேசில்: தோட்டத்திலும் அடுப்படியிலும் ஒரு மதிப்பீடு

விதைப் பட்டியல்களில் ‘சின்னமன் பேசில்’ என்றும் சில வேளைகளில் ‘மெக்சிகன் ஸ்பைஸ் பேசில்’ என்றும் குறிக்கப்படும் இந்த வகை, நாம் திருநீற்றுப்பச்சிலை என்று அழைக்கும் ஓசிமம் பேசிலிகம் இனத்தைச் சேர்ந்தது. துளசி இதற்கு நெருங்கிய உறவு என்றாலும் வேறு இனம். விதைப் பொட்டலத்தின் முகப்பில் பெரும்பாலும் ஊதா நிறப் பூங்கதிரின் படமும், இலவங்கப்பட்டையின் மணம் கமழும் இலை என்ற உறுதிமொழியும் இருக்கும். படம் உண்மை, உறுதிமொழி பாதி உண்மை. எந்தப் பாதி உண்மை என்பதை அறிந்து வளர்ப்பவருக்கு இது மிக நல்ல செடி. பட்டைக்கு மாற்றாகவோ, பூண்டும் பாலாடைக்கட்டியும் சேரும் பெஸ்டோ என்னும் துவையலுக்கு அரைக்கும் இத்தாலியப் பேசிலுக்கு மாற்றாகவோ எண்ணி வாங்குபவருக்கு ஏமாற்றமே கிடைக்கும்.

இலையை விரல்களுக்கிடையே கசக்கினால் முதலில் எழுவது பழத்தின் இனிமை கலந்த மணம். அதைத் தொடர்ந்து பட்டையின் சாயலும், கடைசியாகப் பேசிலுக்கே உரிய பச்சை வாசமும் வருகின்றன. இந்த மணத்துக்கு முதன்மையான காரணம் மெத்தில் சின்னமேட் என்னும் சேர்மம். இலவங்கப்பட்டையின் மணமும் நாக்கில் படரும் அதன் காரமான வெம்மையும் சின்னமால்டிஹைடு என்னும் வேறொரு சேர்மத்திலிருந்து வருபவை. இரண்டுக்கும் மூலம் ஒன்றே. பினைல் அலனின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து செடி சின்னமிக் அமிலத்தை உருவாக்குகிறது. பட்டை மரத்தில் அது ஒரு வழியில் திரும்பிச் சின்னமால்டிஹைடாகிறது, இந்தப் பேசிலிலோ அதன்மேல் ஒரு மெத்தில் தொகுதி ஒட்டிக்கொண்டு மெத்தில் சின்னமேட் ஆகிறது. பேசிலில் இந்த ஒட்டுவேலையைச் செய்யும் நொதிகளை ஆய்வாளர்கள் 2007இல் இனங்கண்டு வெளியிட்டனர். ஆகவே மூக்கு உறவைக் கண்டுகொள்வது சரியே. ஆனால் இலையை மென்று பார்த்தால் பட்டையின் உறைப்பு எங்கும் இல்லை என்பதும், பட்டையைவிட மென்மையான, ஏறத்தாழ ஸ்ட்ராபெரியை நினைவூட்டும் இனிமையே மேலோங்கி நிற்கிறது என்பதும் விளங்கும். ஸ்ட்ராபெரியின் நறுமணச் சேர்மங்களுள் மெத்தில் சின்னமேட்டும் ஒன்று என்பதால் இந்த நினைவு வெறும் கற்பனையல்ல.

தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் பெயரிட்ட இந்த ஓர் இனத்துக்குள் மணங்கள் இவ்வளவு தொலைவு விலகிப்போயிருப்பது வியப்புக்குரியது. பெஸ்டோவுக்கு உகந்த ஜெனோவா வகையில் பூமணம் தரும் லினலூலும் அதனுடன் கிராம்பின் மணத்துக்குக் காரணமான யூஜெனாலும் முன்னிற்கின்றன. தாய்லாந்துச் சமையலில் பயன்படும் வகையில் சோம்பின் மணத்தைத் தரும் எஸ்ட்ரகோல் மிகுந்திருக்கிறது. சின்னமன் பேசிலில் மெத்தில் சின்னமேட்டுக்கு அடுத்த இடம் பொதுவாக லினலூலுக்கு. எலுமிச்சை மணப் பேசில் மட்டும் சற்று வேறு கிளை: அது பேசிலிகமும் ஓசிமம் அமெரிக்கானம் என்னும் வேறோர் இனமும் கலந்து பிறந்த கலப்பினம், அதன் மணம் சிட்ராலால் ஆனது. இவற்றுள் ஒன்றை மட்டும் வளர்க்க இடமிருப்பவருக்கு நான் சின்னமன் பேசிலை முதலில் பரிந்துரைக்க மாட்டேன். அன்றாடச் சமையலுக்கு ஜெனோவா வகையும், மீனுக்கும் பானத்துக்கும் எலுமிச்சை வகையும் கூடுதலாகக் கைகொடுக்கும். இரண்டாவது தொட்டிக்கு இடமிருந்தால் அதில் சின்னமன் பேசிலை வைக்கலாம். மற்ற இரண்டும் எட்டாத சில இடங்களை இது எட்டும்.

விதைப்பதில் சிக்கல் ஏதும் இல்லை. சிறிய கருவிதைகள் ஈரம் பட்ட சில நிமிடங்களில் தம்மைச் சுற்றி வழவழப்பான உறை ஒன்றைப் போர்த்திக்கொள்கின்றன. சப்ஜா விதை என்று நாம் அறிந்திருப்பதும் இதே இனத்தின் விதைதான். இந்த உறையால் விதைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும் என்பதால், ஊறவைத்து விதைப்பதைக் காட்டிலும் உலர்ந்த விதையை ஈரமண்ணில் தூவி, அரை சென்டிமீட்டருக்கு மேல் மண் மூடாமல் தெளிப்பானால் நனைப்பது நல்லது. மண்ணின் வெப்பம் 21 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் 5 முதல் 10 நாட்களில் முளை தெரியும். நாள்தோறும் ஆறு மணி நேரத்துக்குக் குறையாத நேரடி வெயில், நீர் தேங்காத மண், 6க்கும் 7.5க்கும் இடைப்பட்ட கார அமில நிலை ஆகியவை போதுமானவை. குளிரை மட்டும் இந்தச் செடி பொறுக்காது. 10 டிகிரிக்குக் கீழே இறங்கினால் இலைகள் கருக்கின்றன. உறைபனி ஒரே இரவில் செடியை முடித்துவிடும்.

உரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. மண எண்ணெய் இலையின் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய சுரப்பிகளில்தான் தேங்குகிறது. தழைச்சத்தைத் தாராளமாகக் கொடுத்தால் இலை பெருத்து, பளபளத்து, பார்வைக்கு நிறைவாக இருக்கும். ஆனால் மணம் நீர்த்துப்போகும். இத்தாலியப் பேசிலில் இந்த இழப்பைப் பூண்டும் பாலாடைக்கட்டியும் ஓரளவு மறைத்துவிடுகின்றன. மணத்துக்காக மட்டுமே வளர்க்கப்படும் இந்த வகையில் மறைக்க எதுவும் இல்லை. நடும்போது மட்கிய உரம் கலந்த மண்ணில் நட்டுவிட்டு, அதன் பிறகு இலை வெளிறினாலொழிய எதுவும் கொடுக்காமல் விடுவதே என் பரிந்துரை.

செடியின் தோற்றத்துக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். தண்டும் நரம்பும் கருஞ்சிவப்பு கலந்த ஊதா, இலை ஒடுக்கமாகவும் கூர்மையாகவும் ஓரத்தில் இலேசான பற்களோடும் இருக்கிறது, பூக்கள் இளஞ்சிவப்பு. 45 முதல் 75 சென்டிமீட்டர் உயரத்தில் நிமிர்ந்து வளரும் ஒரு செடி பூத்து நிற்கும்போது, சமைப்பதற்கென்று வளர்த்தது என்றே தோன்றாது. இதன் பெருங்குறை, அந்தப் பூவுக்காக இது காட்டும் அவசரம். ஜெனோவா வகை இலைக்கொத்தைப் பெருக்கிக்கொண்டிருக்கும் காலத்திலேயே இது கதிர் விடத் தொடங்கிவிடுகிறது. கதிர் முற்றினால் இலை சிறுத்து, தடித்து, கசப்பேறுகிறது. செடி 15 சென்டிமீட்டர் உயரம் வந்து மூன்று இணை இலைகள் விரிந்ததும் நுனியைக் கிள்ளி, அதன் பிறகும் கணுவுக்கு மேலே அடுத்தடுத்துக் கிள்ளி வந்தால் பக்கக் கிளைகள் அடர்ந்து வரும் என்பது பேசில் வளர்ப்பவர் அனைவரும் அறிந்தது. இந்த வகைக்கு அந்த வேலை இரட்டிப்பாகிறது. நாள்தோறும் செடிப்பக்கம் போகாதவர்களுக்கு இது ஏற்றதல்ல.

எல்லாக் கதிர்களையும் கிள்ளி எறிவதும் சரியல்ல. இந்தச் செடியில் மணம் மிகத் தெளிவாக இருப்பது, என் மூக்குக்கு, இன்னும் விரியாத பூமொட்டுகளைத் தாங்கிய இளங்கதிர்களில்தான். மூன்றில் ஒரு பங்குக் கிளைகளைப் பூக்க விட்டு, கதிர் பாதி விரிந்திருக்கும்போது அறுத்தால் இலையைவிடச் சிறந்த பொருள் கைக்கு வரும். எஞ்சிய பூக்களுக்குத் தேனீக்கள் ஓயாமல் வந்துபோகும். அருகில் வெள்ளரியோ பூசணியோ இருந்தால் மகரந்தச் சேர்க்கைக்கு அதனால் நன்மை உண்டு. இந்தக் கதிர் அறுவடையைப் பற்றி விதைப் பொட்டலங்கள் ஒரு சொல்லும் சொல்வதில்லை. பூ வந்தால் வெட்டிவிடவும் என்று பொதுவான குறிப்பை அச்சடித்துவிட்டு நகர்ந்துவிடுகின்றன.

நோய்களுள் அஞ்சவேண்டியது அடிச்சாம்பல் நோய். பெரோனோஸ்போரா பெல்பாஹ்ரி என்னும் நுண்ணுயிரால் வருவது இது. 1930களில் உகாண்டாவில் பதிவான பேசில் அடிச்சாம்பல், 2001இல் சுவிட்சர்லாந்திலும் 2007இல் அமெரிக்காவின் புளோரிடாவிலும் தென்பட்டு, பிறகு பேசில் விளையும் நாடுகள் பலவற்றுக்கும் பரவியது. விதை வழியாகவும் காற்று வழியாகவும் பரவக்கூடியது என்பதால் நம் தொட்டி தனித்திருக்கிறது என்று நிம்மதியாக இருக்க முடியாது. இலையின் மேற்புறம் நரம்புகளுக்கிடையே மஞ்சளித்து, அடிப்புறத்தில் சாம்பலும் கருநீலமும் கலந்த பூசணப்படலம் தெரிந்தால் அந்தக் கிளையை உடனே அகற்ற வேண்டும். மஞ்சள் நிறத்தைச் சத்துக்குறை என்று எண்ணி உரமிடுவது பலர் செய்வது. இலையைத் திருப்பிப் பார்த்தாலே குழப்பம் தீர்ந்துவிடும். காற்றோட்டமான இடைவெளி விட்டு நடுவதும், காலையில் வேரடியில் மட்டும் நீர் ஊற்றுவதும் நோயைத் தள்ளிப்போடும். இலையில் இரவெல்லாம் ஈரம் நிற்பதுதான் இந்த நுண்ணுயிருக்கு மிகவும் பிடித்தது.

இனி அடுப்படிக்கு வருவோம். இந்த இலையைப் பற்றிய குறைகளில் பெரும்பான்மையானவை தவறான இடத்தில் பயன்படுத்துவதால் எழுபவை. பெஸ்டோவில் பூண்டோடு சேர்ந்தால் மருந்து வாடைக்கு நெருங்கிவிடுகிறது. நெடுநேரம் கொதிக்கும் தக்காளிச் சாற்றில் போட்டால் மணம் போய் இலையின் கசப்பு மட்டும் எஞ்சுகிறது. பச்சையாக முழு இலையைக் கடித்து உண்ணும் சாலட்டுக்கும் இது அவ்வளவாகப் பொருந்தாது; இலை ஜெனோவா வகையைப்போல மெல்லியதும் சாறு நிறைந்ததும் அல்ல, இளந்தளிரைத் தவிர மற்றவை சற்று முரடாகவே இருக்கும். இலையை உணவாகக் கருதாமல், மணத்தை இறக்கிக்கொண்டு எடுத்துவிடும் பொருளாகக் கருதும்போதுதான் இதன் சிறப்பு வெளிப்படுகிறது.

மெத்தில் சின்னமேட் நீரில் அரிதாகவே கரையும். கொழுப்பிலும் சாராயத்திலும் எளிதாகக் கரையும். அதன் கொதிநிலை ஏறத்தாழ 261 டிகிரி. உடனிருக்கும் லினலூலின் கொதிநிலையோ 198 டிகிரியை ஒட்டியது. கொதிநிலையை எட்டும் முன்பே நீராவியோடு இரண்டும் கிளம்பிவிடும் என்றாலும், முன்னதாகவும் விரைவாகவும் போவது லினலூல். சமையலில் இதன் விளைவு தெளிவாகத் தெரியும். இலையைக் குளிர்ந்த பொருளில் ஊறவைத்தால் பூவின் புத்துணர்ச்சியும் பட்டையின் சாயலும் சேர்ந்து வருகின்றன. மிதமான சூட்டில் ஊறவைத்தால் பூவின் பக்கம் தணிந்து, இனிப்பான நறுமணச் சரக்கின் பக்கம் ஓங்குகிறது. இரண்டும் நல்லவையே, எது வேண்டும் என்பதைச் சமைப்பவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

இந்தச் செடிக்கு நான் அறிந்தவரை மிகச் சிறந்த இடம் கொழுப்பு நிறைந்த பாலும் பாலேடும்தான். அரை லிட்டர் பாலேடு கலந்த பாலைக் கொதிக்கும் நிலைக்குச் சற்று முன்பாக இறக்கி, 20 கிராம் அளவு இலையையும் கதிரையும் போட்டு, மூடி, 20 நிமிடம் ஊறவைத்து வடிகட்டினால், கஸ்டர்டுக்கும் ஐஸ்கிரீமுக்கும் அடிப்படையாகக் கூடிய, வெண்ணிலாவுக்கும் பட்டைக்கும் இடைப்பட்ட ஒரு சுவை கிடைக்கிறது. இலையைப் பிழிந்து வடிக்கக் கூடாது. பிழிந்தால் பச்சை நிறமும் புல்வாடையும் இறங்கிவிடும். நேரத்தை நீட்டுவதாலும் பயன் இல்லை, கசப்புதான் கூடும். சுவை போதவில்லை என்று தோன்றினால் அந்த இலைகளை எடுத்துவிட்டுப் புதிய இலைகளை இட்டு மறுபடி ஊறவைப்பதே சரி. சர்க்கரையை இதன் பிறகு சேர்ப்பது நல்லது, ஏனெனில் மணத்தின் அளவை இனிப்பு மறைத்துவிடும்.

பழங்களோடு இதன் பொருத்தம் கிட்டத்தட்டத் தவறுவதே இல்லை. ஸ்ட்ராபெரியுடன் சேரும்போது புதிய மணம் ஒன்று சேர்ந்ததாகத் தோன்றாமல், பழம் இன்னும் கனிந்ததுபோலவே தோன்றும். ஒரே சேர்மம் இரண்டிலும் இருப்பதால் நிகழ்வது அது. நறுக்கிய பழத்தின்மேல் சர்க்கரையோடு சேர்த்து அரைத்த இளந்தளிரைத் தூவி அரைமணி நேரம் மூடி வைத்தால் போதும். சர்க்கரைத் துகள்கள் சுரப்பிகளைக் கீறி எண்ணெயை இழுத்துக்கொள்கின்றன. கத்தியால் நறுக்குவதைவிட இது பலமடங்கு திறமையான வழி, இலை கருப்பதும் இங்கே கண்ணுக்குத் தெரியாது. பீச், பிளம், பேரிக்காய் ஆகியவற்றுக்கும் இதுவே பொருந்தும். ஆப்பிளுக்கு மட்டும், எல்லோரும் பட்டை சேர்த்துப் பழகியிருப்பதால், இலையின் மென்மை ஒரு குறைபாடுபோலத் தோன்றக்கூடும்; அங்கே உண்மையான பட்டையே இருந்துவிட்டுப் போகட்டும். சம அளவு சர்க்கரையும் நீரும் காய்ச்சிய பாகில் சூடு தணியும்போது கதிர்களைப் போட்டு ஊறவைத்து வடித்தால், எலுமிச்சைச் சாற்றுக்கும் குளிர்ந்த தேநீருக்கும் உதவும் பாகு கிடைக்கும். அது பாலில் இறங்கும் அளவுக்குச் செறிவாக இருக்காது. நீரில் கரையாத சேர்மத்திடம் அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது.

உப்பு, காரச் சமையலில் எனக்கு நிறைவளித்த சேர்க்கை காளான். ஜப்பானியர் பெரிதும் மதிக்கும் மட்சுடாகே காளானின் தனிமணத்துக்குக் காரணமான முதன்மைச் சேர்மங்களுள் மெத்தில் சின்னமேட்டும் ஒன்று. ஆகவே சாதாரண மொட்டுக்காளானை வெண்ணெயில் நன்றாகச் சிவக்க வதக்கி, அடுப்பை அணைத்த பின் இரண்டு கதிர்களைப் போட்டு மூடி வைத்தால், மட்சுடாகே ஆகிவிடாது என்றாலும், அந்தத் திசையில் ஓர் அடி எடுத்துவைத்த மணம் வருகிறது. இனிப்புத்தன்மை உள்ள பூசணி, கேரட், சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஆகியவற்றுக்கும் வெண்ணெய் வழியாகவே இதைக் கொண்டுசேர்க்க வேண்டும். சோறு வெந்து இறக்கியதும் ஒரு கிளையை மேலே வைத்து மூடி, பரிமாறும் முன் எடுத்துவிடுவதும் நல்ல வழி. மீனுக்கு இதை நான் பரிந்துரைக்கவில்லை. இனிப்பு மணம் மீனின் வாசத்தோடு ஒட்டாமல் தனியே நிற்கிறது.

பறித்த கிளையைச் சேமிப்பதில் எல்லாப் பேசிலுக்கும் உள்ள தொல்லை இதற்கும் உண்டு. குளிர்பெட்டியின் குளிர் இலையைக் கருக்கிவிடும். வெயில் படாத இடத்தில், நீர் நிரம்பிய குவளையில் நிற்கவைப்பதே மேல். உலர்த்தினால் மற்றப் பேசில்களைவிட இது சற்றுத் தாக்குப்பிடிக்கிறது, குறிப்பாகக் கதிர்கள்; எளிதில் ஆவியாகாத சேர்மமே முன்னிற்பதால் பட்டையின் சாயல் தங்கி, பூமணம் போய்விடுகிறது. வெண்ணெயில் அரைத்துக் கலந்து உறையவைப்பது நெடுநாள் சேமிப்புக்கு நான் நம்பும் வழி. பச்சை இலையை எண்ணெயில் ஊறப்போட்டு அறை வெப்பத்தில் வைப்பதை மட்டும் அறவே தவிர்க்க வேண்டும். காற்றுப் புகாத எண்ணெய்க்குள் போட்டுலிசம் என்னும் கொடிய நஞ்சேற்றத்துக்குக் காரணமான பாக்டீரியா வளர வாய்ப்புண்டு. அத்தகைய எண்ணெயைக் குளிர்பெட்டியில் வைத்துச் சில நாட்களுக்குள் தீர்த்துவிட வேண்டும்.

வாங்குவதில் விதையா நாற்றா என்றால், முடிந்தால் நாற்று. காரணம் வளர்ப்பின் கடினம் அன்று, மணத்தின் நிச்சயமின்மை. தேனீக்கள் பேசில் வகைகளுக்கிடையே வேறுபாடு பார்ப்பதில்லை. அருகருகே பல வகைகள் பூத்த இடத்தில் சேகரித்த விதையிலிருந்து ஊதாத் தண்டும் சோம்பு மணமும் கொண்ட செடி வருவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு, தோற்றத்தை வைத்து அதைக் கண்டுபிடிக்கவும் முடியாது. நாற்றாக வாங்கும்போது ஓர் இலையைக் கசக்கி முகர்ந்துவிடலாம். விதையிலிருந்தே தொடங்குபவர்கள் தேவைக்கு மேல் சில விதைகளை முளைக்கவிட்டு, நாலைந்து இலை வந்ததும் ஒவ்வொன்றையும் முகர்ந்து, இனிப்பு மணம் தெளிவாக உள்ள செடியை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. அந்தச் செடியைப் பெருக்க மறுபடி விதையை நம்பவேண்டியதில்லை. பூக்காத கிளை ஒன்றைக் கணுவுக்குக் கீழே வெட்டி, அடி இலைகளை நீக்கி நீரில் வைத்தால் ஒன்றிரண்டு வாரங்களில் வேர்விடும். தாய்ச்செடியின் மணம் மாறாமல் அப்படியே வரும்.